கடை ஆப்பிலிருந்து நோட்டிஃபிகேஷன்: வடசென்னைக் கடைகளில் எங்கே சிக்குது, எப்படிச் சரி பண்ணலாம்

(ஒவ்வொருத்தர் சொன்னதும் அவங்க ஏரியா பேருக்குக் கீழே இருக்கு.)

காசிமேடு, மீன் ஆர்டர் ஆப்

மீன் விக்கிறவங்க முதல்ல கவனிக்க வேண்டியது செய்தியோட ஆயுசு. ஃபயர்பேஸ்ல (ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பித் தர்ற கூகுள் சேவை) ஒண்ணும் குறிக்காம அனுப்பினா, அது 4 வாரம் வரைக்கும் சர்வர்ல காத்துக்கிட்டு இருக்கும். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில "வஞ்சிரம் வந்தாச்சு"ன்னு போட்டது, போனை அணைச்சு வெச்சிருந்தவருக்குத் திங்கள் சாயங்காலம் வந்து விழும். அவர் ஆசையா ஆர்டர் போடுவார், கூடையில மீன் இருக்காது. அதனால டிடிஎல்-ல, அதாவது செய்தி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்னு குறிக்கிற இடத்துல, வினாடிக் கணக்குப் போடுங்க. 3 மணி நேரத்துக்கு 10,800. ஐபோனுக்கு இதே எண்ணை அப்படியே போடக் கூடாது. அங்கே கேக்குறது காலாவதி ஆகுற நேரம், 1970 ஜனவரி 1-லேருந்து எண்ணுற வினாடி. அனுப்புற நேரத்தோட 10,800-ஐக் கூட்டித்தான் போடணும்.

ராயபுரம்

அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கங்க. "சங்கரா 12 கிலோ இருக்கு", "5 கிலோ இருக்கு", "முடிஞ்சுது"ன்னு மூணு செய்தி போச்சுன்னா, நெட் இல்லாம இருந்த போன்ல மூணும் வரிசையா வந்து நிக்கும். மூணுக்கும் ஒரே கொலாப்ஸ் கீ (பழசுக்குப் பதிலா புதுசை வைக்கச் சொல்ற அடையாளப் பேர்) குடுத்தா கடைசியா போனது மட்டும் வரும். ஆனா ஒரு போனுக்கு ஒரே சமயத்துல 4 கீ வரைக்கும்தான் ஃபயர்பேஸ் வெச்சிருக்கும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, இறால்னு மீனுக்கு ஒரு கீ போட்டா அஞ்சாவதுலயே கணக்கு உடைஞ்சிடும், எது தங்கும்னு சொல்ல முடியாது. "இருப்பு"ன்னு ஒண்ணே போதும்.

இன்னொண்ணு. ஆண்ட்ராய்டுல இந்தக் கீ வேலை செய்யுறது இன்னும் போய்ச் சேராத செய்திக்குத்தான். ஏற்கெனவே திரையில நிக்குற பழைய செய்தியை மாத்த டேக்-னு தனியா ஒண்ணு இருக்கு, அதையும் போடணும். பல பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடறாங்க.

எம்.சி. ரோடு, துணிக்கடை

துணிக்கடையில பிரச்சினை நோட்டிஃபிகேஷன் காட்டுறதுக்கான அனுமதியிலதான். ஆண்ட்ராய்டு 13-லேருந்து ஆப் கேட்டு வாங்கணும். வாடிக்கையாளர் ரெண்டு தடவை மறுத்துட்டா அனுமதி கேக்குற பெட்டி திரும்ப வராது. ஐபோன்ல ஒரு தடவையோட சரி. ஆப்பைத் திறந்த உடனே கேக்குறது பெரிய தப்பு, அந்த நேரத்துல அவருக்கு நம்ம மேல ஒரு நம்பிக்கையும் கிடையாது. முதல் ஆர்டர் போட்டு முடிச்ச இடத்துல, நம்ம சொந்தத் திரையில "பார்சல் கிளம்பினதும் சொல்லட்டுமா?"ன்னு கேளுங்க. "சரி"ன்னு தொட்டவருக்கு மட்டும் போனோட பெட்டியைத் திறங்க. "அப்புறம்"னு தொட்டா வாய்ப்பு கையிலேயே இருக்கும்.

அடுத்தது சேனல், அதாவது வாடிக்கையாளர் தனித்தனியா அணைக்கக்கூடிய நோட்டிஃபிகேஷன் வகை. ஆண்ட்ராய்டு 8-லேருந்து இது கட்டாயம். ஆர்டர் நிலவரத்துக்கு ஒண்ணு, தள்ளுபடிக்கு ஒண்ணுன்னு பிரிச்சே ஆகணும். எல்லாம் ஒரே சேனல்ல போனா, தீபாவளி நேரத்துல நாலு தள்ளுபடி பார்த்து எரிச்சலானவர் மொத்தத்தையும் அணைச்சிடுவார், பார்சல் வாசல்ல நிக்குறதும் அவருக்குத் தெரியாது. சேனலோட முக்கியத்துவத்தைப் பின்னாடி நாம ஏத்த முடியாது, வாடிக்கையாளர்தான் ஏத்தணும். அழிச்சுட்டு அதே ஐடி-யில திரும்ப உருவாக்கினாலும் பழைய அமைப்புதான் வந்து உக்காரும். முதல் வெளியீட்டுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சிடுங்க.

தண்டையார்பேட்டை

சர்வர்ல "வெற்றி"ன்னு வந்தா ஃபயர்பேஸ் வாங்கிக்கிச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். போனுக்குப் போச்சான்னு அது சொல்லாது. ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்கள் சிலதுல, சமீபத்திய ஆப் பட்டியல்லேருந்து தள்ளிவிட்டாலே ஆப்பைக் கட்டாயமா நிறுத்தின மாதிரி ஆயிடும். திரும்பத் திறக்குற வரைக்கும் ஒரு செய்தியும் வராது. ஆட்டோஸ்டார்ட்டை (ஆப் தானா இயங்க விடுற அமைப்பு) இயக்குறது, பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துறது, இந்த ரெண்டையும் படத்தோட காட்டுற ஒரு உதவிப் பக்கம் ஆப்புக்குள்ளயே வைங்க. ஹை பிரையாரிட்டியை (உடனே கொண்டு சேர்க்கச் சொல்ற குறி) டெலிவரிச் செய்திக்கு மட்டும் வெச்சுக்கங்க. திரையில எதையும் காட்டாத செய்திக்கெல்லாம் அதைப் போட்டா ஃபயர்பேஸே நம்ம செய்தியைப் பின்னுக்குத் தள்ள ஆரம்பிச்சிடும்.

திருவொற்றியூர்

ஒரு மாசம் ஆப் திறக்காதவங்க டோக்கனை (செய்தி எந்த போனுக்குப் போகணும்னு ஃபயர்பேஸ் குடுக்குற அடையாளம்) அழிக்கச் சொல்றாங்களே, மீன் கடைக்கும் அதே கணக்கா அண்ணே?

காசிமேடு, மீன் ஆர்டர் ஆப்

வேண்டாம்ங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். விசைப்படகு போகாது, பெரிய மீன் வரத்து குறைஞ்சிடும், ஆப்பைத் திறக்க ஆளுக்குக் காரணம் இருக்காது. நம்ம பட்டியல்ல டோக்கனுக்கு எதிர்ல இருக்குற தேதி ஆப் திறக்கும்போதுதான் புதுசாகுது. 30 நாள்னு வெச்சா தடை முடியுற அன்னிக்கு நல்ல வாடிக்கையாளர் பாதிப் பேர் பட்டியல்ல இருக்க மாட்டாங்க. 90 நாள் வைங்க. ஆண்ட்ராய்டுல 270 நாள் அசையாத டோக்கனை ஃபயர்பேஸே காலாவதி ஆக்கிடும்.

செய்தி அனுப்பும்போது ஃபயர்பேஸ்லேருந்து 404, பதிவில்லைன்னு பதில் வந்தா அந்த டோக்கனை உடனே அழிச்சிடலாம். 400 வந்தா அவசரப்படாதீங்க. செய்தி வடிவத்துல பிழை இருந்தாலும் அதேதான் வரும். அதைப் பார்த்து டோக்கனை அழிச்சா ஒரே ராத்திரியில மொத்தப் பட்டியலும் காலி.

வியாசர்பாடி

தமிழ்ல அனுப்புறவங்களுக்கு: மொத்தச் செய்திக்கும் வரம்பு 4,096 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. "மீன்"ங்கிற சொல் மட்டும் 12 பைட். படத்தோட முகவரி, ஆர்டர் விவரம் எல்லாத்தையும் உள்ளே திணிச்சா வரம்பு தாண்டி மறுத்துடும். ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பி, மிச்சத்தை ஆப் திறந்ததும் சர்வர்லேருந்து எடுத்துக்கலாம். திரையில அதுக்கு ரொம்ப முன்னாடியே வெட்டுப்படும், அதனால மீன் பேரும் விலையும் முதல்ல வரட்டும், கடைப் பேரும் வாழ்த்தும் வேண்டாம். எஸ்எம்எஸ்ஸா இருந்தா ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குத் தமிழ்ல 70 குறியீட்டுக்குள்ள முடிக்கணும், டிஎல்டி பதிவும் (வணிக எஸ்எம்எஸ் அனுப்புறவங்க செய்யவேண்டிய பதிவு) வேணும். இதுல ரெண்டும் இல்லை, ஃபயர்பேஸ் செய்திக்குக் காசும் வாங்குறதில்லை.

ஆப் இல்லாம வெப்சைட் மட்டும் வெச்சிருக்கிறவங்க ஐபோன்காரங்களுக்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்க: ஐஓஎஸ் 16.4 இல்ல அதுக்கு மேல இருக்கணும், தளத்தை ஹோம் ஸ்கிரீன்ல சேர்த்து அங்கேருந்து திறந்தாத்தான் அனுமதியே கேக்க முடியும்.