ராணுவத்திலிருந்து வந்த அண்ணனுக்கு என்ன சொல்வது?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அண்ணன் 17 வருஷ சர்வீஸ் முடித்து நாகர்கோவிலுக்கே வந்துவிட்டார். லடாக்கில் லே பனியில் இருந்தபோதுகூட போனில் சிரித்தவர், இப்போது காலை நாலரைக்கே எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு, போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். படையில் பண்டிட், மௌலவி போலப் பாதிரியாரும் உண்டு. அந்தப் பாதிரியாரிடம் அண்ணன் மனம்விட்டுப் பேசுவாராம். இங்கே எல்லோரும் பைபிளில் பிரசங்கி 3ஆம் அதிகாரத்தைச் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு காலமுண்டு என்கிற அந்த வசனம் அவருக்கே மனப்பாடம். அதனால் வசனம் வேண்டாம் (பூப்படத்தோடு வேண்டவே வேண்டாம்). உங்கள் வீட்டில் ஓய்வுபெற்று வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் எப்படிப் போனது? என்ன பேசினீர்கள்? அப்புறம், இந்தப் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் கூடும் ஜெபக்குழு இருந்தால் சொல்லுங்கள், நானே கூட்டிப்போகிறேன்.