ப்ளகின் வாங்கி, நிறுவி, நன்றியும் சொல்லிட்டு சார்ஜ்பேக் போட்டா: எதிர்க்கணுமா, விட்டுடணுமா?

நெசவாளி:
வணக்கமுங்க. கோவையில இருந்து வேர்ட்பிரஸ் ப்ளகின் (சைட்ல கூடுதல் வசதி சேர்க்குற மென்பொருள்) விக்கிறேன். சலூன், யோகா வகுப்பு மாதிரி இடங்கள்ல அப்பாயின்ட்மென்ட் பதிய உதவுற ப்ளகின். ஒரு வருஷ லைசென்ஸ் 79 டாலர். வாங்குறவங்க பெரும்பாலும் அமெரிக்கா, கனடா.

போன மாசம் ஓஹையோவுல ஒருத்தர் வாங்கினார். அன்னைக்கே டவுன்லோட் பண்ணி அவர் டொமைன்லயே லைசென்ஸை ஆக்டிவேட் பண்ணிட்டார். ரெண்டு நாள் கழிச்சு டைம்சோன் தப்பா காட்டுதுன்னு டிக்கெட் போட்டார். ராத்திரி உக்காந்து சரி பண்ணிக் குடுத்தேன். "இப்ப சரியா வருது, ரொம்ப நன்றி"ன்னு பதிலும் போட்டார். நேத்து கேட்வேயில (கார்டுல வர்ற பணத்தை நமக்கு வாங்கித் தர்ற கம்பெனி) இருந்து மெயில் வருது: கார்டுக்காரர் "இதை நான் வாங்கவே இல்லை"ன்னு பேங்க்ல சொல்லிட்டாராம். விசா காரணக் குறியீடு 10.4, அதாவது கார்டை நேர்ல காட்டாம நடந்த மோசடி. 79 டாலரைத் திரும்ப எடுத்துட்டாங்க (இதுதான் சார்ஜ்பேக்), மேல 15 டாலர் டிஸ்ப்யூட் கட்டணம் வேற. ப்ளகின் என்னமோ இன்னும் அவர் சைட்ல ஜம்முன்னு ஓடிட்டு இருக்குது.

பதில் குடுக்க 9 நாள் இருக்கு. மோதிப் பாக்கலாமா, தலைமுழுகிடலாமா? எனக்கு மோதணும்னுதான் இருக்கு.

மலைக்கோட்டை:
தலைமுழுகுங்க. நான் வீடியோ கோர்ஸ் விக்கிறவன், இந்தக் குளத்துல நிறைய முங்கி எந்திரிச்சாச்சு.

ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்க ஜெயிச்சாலும் அந்த சார்ஜ்பேக் உங்க விகிதத்துல (மொத்த விற்பனையில எத்தனை சதவீதம் சார்ஜ்பேக்ங்கற கணக்கு) ஏறினது ஏறினதுதான். பணம் திரும்பி வரலாம், கணக்கு இறங்காது. சார்ஜ்பேக் அதிகமா வாங்குற கடைகளோட மாஸ்டர்கார்டு பட்டியல்ல மாட்டணும்னா மாசம் குறைஞ்சது 100 சார்ஜ்பேக்கும் 1.5 சதவீதமும் வேணும், அந்த அளவுக்கு நாம யாரும் இல்ல. ஆனா கேட்வேக்காரங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே முறைக்க ஆரம்பிச்சிடுவாங்க. மாசம் 60 லைசென்ஸ் விக்கிறீங்கன்னு வைங்க, ஒரு சார்ஜ்பேக் வந்தாலே 1.6 சதவீதம் தாண்டிடுச்சு. செட்டில்மென்ட்ல ஒரு பகுதியைப் பிடிச்சு வைப்பாங்க, இல்ல அக்கவுன்ட்டையே மூடிடுவாங்க. 79 டாலருக்காக நாலு நாள் பிடிஎஃப் தயாரிக்கிற நேரத்துல, அடுத்தது வராம இருக்க என்ன வழின்னு பாருங்க.

என் கடையில ஒரே சட்டம்: கேட்டா ரீஃபண்ட். காரணம் கேக்கறதே இல்ல.

நெசவாளி:
அண்ணே, கேட்டாதானே குடுக்க முடியும்? இந்த மனுசன் ரீஃபண்டே கேக்கலையே. நேரா பேங்க்குக்குப் போயிட்டார். இப்பவாவது நானே ரீஃபண்ட் போட்டுட்டா டிஸ்ப்யூட் மூடிடுமா?

ஓஎம்ஆர் வாசி:
போட்டுடாதீங்க! பணம் ஏற்கெனவே உங்க கையை விட்டுப் போயாச்சு. இப்ப வேற வழியில ரீஃபண்ட் அனுப்பினா ரெண்டு தடவை குடுத்த மாதிரி. பல கேட்வேல டிஸ்ப்யூட் வந்ததும் ரீஃபண்ட் பட்டனையே அடைச்சிடுவாங்க. ஆனா வாங்கினவர் மெயில்ல கெஞ்சினார்னு வேற வழியா அனுப்பி மாட்டினவங்க உண்டு.

நான் ஒரு வெளிநாட்டு வங்கியோட சென்னை ஆபீஸ்ல டிஸ்ப்யூட் டெஸ்க்ல வேலை பார்த்தவன். நீங்க அனுப்புற ஆதாரத்தை நியூயார்க்ல கோட் போட்ட ஒருத்தர் காபி குடிச்சுக்கிட்டே படிப்பார்னு நெனச்சுக்காதீங்க. துரைப்பாக்கத்துல நைட் ஷிஃப்ட்ல இருக்கற பையனா இருக்கவும் வாய்ப்பு உண்டு. அடுத்த கேஸ் வரிசையில நிக்குது. 40 பக்கம் பிடிஎஃப், அதுல 30 பக்கம் உங்க டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்னா அவன் என்ன பண்ணுவான்?

10.4க்குக் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: கார்டு வச்சிருக்கறவர்தான் இதை வாங்கினாரா? உங்க ப்ளகின் தரமா இல்லையா, ரீஃபண்ட் பாலிசி என்னன்னு எழுதினா அது வேற கேஸுக்கான பதில். டவுன்லோட் ஆன தேதி, நேரம், அப்போதைய ஐபி முகவரி, அது எந்த ஊர், வாங்கினப்ப குடுத்த மெயில் ஐடி, அதே மெயில்ல இருந்து வந்த டிக்கெட், பில்லிங் ஜிப் கோடும் சிவிவியும் பொருந்தினதா, இதெல்லாம்தான் அதுக்குப் பதில். எல்லாத்தையும் விட உங்ககிட்ட இருக்கற தங்கம் அந்த டொமைன். அந்த சைட்டோட தொடர்புப் பக்கத்துல கடைக்காரர் பேரும் கார்டுல இருக்கற பேரும் ஒண்ணா இருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அதை முதல் பக்கத்துல வைங்க.

என் ஓட்டு, இந்த ஒரு கேஸ்ல, மோதுறதுக்குத்தான்.

கயல்விழி:
எல்லாரும் அந்த ஓஹையோக்காரரைத் திருடன்னு முடிவு கட்டிட்டீங்க. நானும் எழுத்துரு விற்கிறவள்தான், ஆனால் வாங்கினவளாக சார்ஜ்பேக்கும் போட்டிருக்கிறேன். ஒரு ஸ்டாக் படத் தளம் கேட்காமலே அடுத்த வருஷத்துக்குப் பணம் எடுத்தது. ரத்து செய்கிற பட்டன் எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி அலுத்துப் போனேன், மெயில் போட்டால் தானியங்கிப் பதில். கடைசியில் வங்கிதான் வாங்கிக் கொடுத்தது.

முன்பின் தெரியாத கோயம்புத்தூர் கடைக்கு ஒரு அமெரிக்கர் கார்டு நம்பரைத் தைரியமாகக் கொடுக்கிறார் என்றால், அந்தத் தைரியத்தைக் கொடுத்ததே இந்த ஏற்பாடுதான். அங்கே 1974-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம் ரிசர்வ் வங்கியும் 2017-ல் ஒரு சுற்றறிக்கை விட்டது. வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் வழியாகப் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் நட்டம் கிடையாது. சார்ஜ்பேக்கைக் கொள்ளை என்று பேசுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

ஒரு கேள்வி. அவருடைய கார்டு ஸ்டேட்மென்ட்டில் உங்கள் கடை என்ன பெயரில் வருகிறது?

நெசவாளி:
தனியுரிம நிறுவனமா பதிஞ்ச பேர்ல. அப்பா காலத்து ஜவுளிக் கம்பெனி, "ஸ்ரீ..."ன்னு ஆரம்பிச்சு "டெக்ஸ்"னு முடியும். ஜிஎஸ்டியும் அதுலதான். கேட்வே அதையே எடுத்துக்கிச்சு.

கயல்விழி:
ஆக, ஓஹையோவில் சலூன் நடத்துகிறவர் மாசக் கடைசியில் பில்லைப் பார்க்கிறார். "ஸ்ரீ ஏதோ டெக்ஸ், இந்தியா, 79 டாலர்." அவர் மனைவியோ கணக்குப் பிள்ளையோ பார்த்திருக்கலாம். அவர்கள் வாழ்நாளில் ஜவுளி எதுவும் கோவையில் வாங்கியதில்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் வங்கிக்குத்தான் போன் போடுவேன்.

நெசவாளி:
அக்கா, அது எப்படிங்க நியாயம்? ப்ளகின் பேரு, தொகை எல்லாம் போட்டு அதே நிமிஷம் இன்வாய்ஸ் மெயில் போயிருக்கு. "79"னு மெயில்ல தேடினா முதல்ல அதுதான் வரும். பேரு புரியலைன்னா பேங்க்ல "தெரியலை"ன்னு விசாரிக்கலாம், "நான் வாங்கவே இல்லை"ன்னு அடிச்சுச் சொல்லலாமா?

ஓஎம்ஆர் வாசி:
அடிச்சுச் சொல்ல வேண்டியதே இல்லீங்க. பேங்க் ஆப்ல அந்த வரியைத் தொட்டா "எனக்கு இது தெரியாது"ன்னு ஒரு பட்டன். தட்டினா கார்டை பிளாக் பண்ணிடுவாங்க, கேஸ் மோசடிப் பிரிவுக்குப் போகும், அதுதான் உங்களுக்கு 10.4ஆ வந்து நிக்குது. வீட்டுல யாரோ வாங்கினது, மறந்து போனது, நிஜ மோசடி, எல்லாம் ஒரே வாசல்ல நுழையும்.

பேர் விஷயத்துல கயல்விழி மேடம் சொல்றது சரி. ஸ்டேட்மென்ட்ல 22 எழுத்துதான் இடம். அதுல ப்ளகின் பேர் வரணும், கம்பெனி பேர் இல்ல. கேட்வே செட்டிங்ஸ்ல மாத்த முடியலைன்னா சப்போர்ட்டுக்கு எழுதிக் கேளுங்க.

மலைக்கோட்டை:
இதைத்தான் நானும் சொல்றேன், வேற வார்த்தையில. மோதுறதுக்கு முன்னாடி கடையைச் சரி பண்ணுங்க. அப்படியே 3டி செக்யூரையும் போட்டு விடுங்க. வாங்குறவர் ஓடிபியோ பேங்க் ஆப்போ வழியா உறுதி செஞ்சுட்டார்னா, அப்புறம் "நான் வாங்கலை"ன்னு வர்ற நட்டம் கார்டு குடுத்த பேங்க் தலையில. நம்ம ஊர் கார்டுன்னா ரிசர்வ் வங்கி 2009-லயே அதைக் கட்டாயமாக்கிடுச்சு. வெளிநாட்டுக் கார்டுக்கு அது கிடையாது, அங்கதான் நாம அடி வாங்குறோம்.

நெசவாளி:
போட்டுப் பாத்தேனுங்க. அமெரிக்கக்காரங்களுக்கு அந்தத் திரை பழக்கமே இல்ல. பாதியில விட்டுட்டுப் போறாங்க. மாசத்துக்கு ஒரு 79 டாலரைக் காப்பாத்த நாலு 79 டாலரை விடச் சொல்றீங்களா?

ஓஎம்ஆர் வாசி:
எல்லாருக்கும் போட வேண்டாம். கார்டு ஒரு நாடு, ஐபி இன்னொரு நாடுன்னு இருந்தா மட்டும் கேக்கற மாதிரி விதி வைக்கலாம். அப்புறம், 3டி செக்யூர் மோசடிப் புகாருக்கு மட்டும்தான் கவசம். "பொருள் வரலை"ன்னு 13.1லயோ, "சொன்ன மாதிரி இல்லை"ன்னு 13.3லயோ வந்தா அது உதவாது. மலைக்கோட்டை அண்ணனோட கோர்ஸுக்கெல்லாம் வர்றது இந்த ரகமாத்தான் இருக்கும், அதனாலதான் ரீஃபண்ட் அவருக்கு ஒத்துவருது.

தாமிரபரணி:
எதுக்கு இவ்வளவு வம்பு? யுபிஐ மட்டும் வாங்குங்க. பின் போட்டுத்தான் பணம் வருது. வந்தா வந்ததுதான்.

மலைக்கோட்டை:
தம்பி, ஓஹையோ சலூன்காரர் எந்த யுபிஐல அனுப்புவார்? நம்ம ஊர் ஆளுங்களுக்கே விக்கிறேன்னாலும், யுபிஐலயும் சார்ஜ்பேக் இருக்கு. பேங்க் வழியா "பொருள் வரலை"ன்னு போடலாம். அதைவிடப் பெரிய தலைவலி 1930, சைபர் மோசடிக்குப் புகார் குடுக்கற போன் நம்பர். எவனோ ஒருத்தன் யாரையோ ஏமாத்தின பணத்துல உங்க கோர்ஸை வாங்குறான். ஏமாந்தவர் 1930-க்குப் போன் போட்டு சைபர் கிரைம்ல பதிஞ்சிடறார். பணம் போன தடத்துல உங்க அக்கவுன்ட்டும் இருக்கு, அந்தத் தொகையை முடக்கி வைப்பாங்க. சில சமயம் அக்கவுன்ட்டே முடங்கும். புகார் வேற மாநிலத்துல. அங்க இருக்கற ஸ்டேஷனுக்கு இன்வாய்ஸ் அனுப்பி, மெயில் போட்டு, போன் பண்ணி... சார்ஜ்பேக்காவது ஒரு படிவத்தோட முடியும்.

தாமிரபரணி:
அய்யோ. சரி, பேடில் (Paddle) மாதிரி மென்பொருள் வித்துத் தர்ற இடத்துல விக்கலாமே? விற்பனை அவங்க பேர்லதான நடக்குது.

ஓஎம்ஆர் வாசி:
விற்பனையாளர் அவங்க, அதனால டிஸ்ப்யூட்டுக்குப் பதில் எழுதுற வேலை அவங்களோடது. வெளிநாட்டு விற்பனை வரியும் அவங்க பாத்துப்பாங்க. அதுக்குக் கட்டணம் 5 சதவீதமும் 50 சென்ட்டும், 79 டாலருக்கு 4.45 டாலர் வரும். ஆனா தோத்தா அந்தப் பணம் உங்க வருமானத்துல இருந்துதான் கழியும். நட்டம் மாறாது, அலைச்சல் குறையும்.

நெசவாளி:
அதை அப்புறம் யோசிக்கிறேன். விசாவுல புதுசா ஏதோ வந்திருக்கு, பழைய வாடிக்கையாளர்னா தானா ஜெயிச்சிடலாம்னு ஒரு பேச்சு இருக்கே?

ஓஎம்ஆர் வாசி:
2023 ஏப்ரல்ல வந்தது. அதே கார்டுல, 120 நாளுக்கு மேல, ஒரு வருஷத்துக்குள்ள நடந்த ரெண்டு பழைய பரிவர்த்தனை, அதுல எதுக்கும் மோசடிப் புகார் இல்லாம இருக்கணும். ரெண்டுலயும் இப்போதைய வாங்குதலோட ரெண்டு விவரம் பொருந்தணும், அதுல ஒண்ணாவது ஐபியோ டிவைஸ் அடையாளமோ. இருந்தா கேஸ் உங்க பக்கம். உங்க ஆள் முதல் தடவை வாங்கினவர், அதனால இது செல்லாது. மாதச் சந்தா விக்கிறவங்களுக்குத்தான் இது வரப்பிரசாதம்.

அவருக்கு மரியாதையா ஒரு மெயில் போடுங்க. "பில்லுல வேற பேர் வந்திருக்கும், இது உங்க அப்பாயின்ட்மென்ட் ப்ளகினுக்கான தொகை"ன்னு மட்டும். ஒத்துக்கிட்டார்னா பேங்க்ல டிஸ்ப்யூட்டைத் திரும்பப் பெறச் சொல்லுங்க, அந்த மெயிலையும் ஆதாரத்தோட சேருங்க. வாய்வார்த்தையை நம்பி கெடுவைத் தவற விட்றாதீங்க. அவர் வாபஸ் வாங்கினாலும் நீங்க பதில் அனுப்பியே ஆகணும்.

நெசவாளி:
சரிங்க. மெயில் இன்னைக்கே போட்டுடறேன். இப்ப நான் எழுதி வச்சிருக்கறது இதுதான்:

"கார்டுதாரர் பெயரில் உள்ள சலூனின் இணையதளத்தில் எங்கள் மென்பொருள் இன்றும் இயங்குகிறது (படம் 1). வாங்கிய 11 நிமிடத்தில் பில்லிங் முகவரி இருக்கும் அதே நகரத்து ஐபியிலிருந்து டவுன்லோட் செய்யப்பட்டு, இந்த டொமைனில் ஆக்டிவேட் ஆகியுள்ளது (படம் 2). இரண்டு நாள் கழித்து அதே மெயிலிலிருந்து உதவி கேட்டு, நன்றியும் தெரிவித்துள்ளார் (படம் 3). ஜிப் கோடும் சிவிவியும் பொருந்தின. இப்படிப்பட்ட வாடிக்கையாளர்களால் எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் எவ்வளவு பாதிக்கப்படுகின்றன என்பதைத் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்."

ஓஎம்ஆர் வாசி:
கடைசி வாக்கியத்தை வெட்டுங்க. துரைப்பாக்கத்துப் பையனுக்கு அதுல டிக் அடிக்க எந்தக் கட்டமும் இல்ல. மத்தது பிரமாதம். படம் 2-ல ஐபியைச் சுத்தி சிவப்புக் கட்டம் போடுங்க, தேட விடாதீங்க.

நெசவாளி:
வெட்டிட்டேன். அப்ப லைசென்ஸை இன்னைக்கே முடக்கிடட்டுமா? பாத்தாலே வயிறு எரியுது.

மலைக்கோட்டை:
முதல் நாளே முடக்கியிருக்கணும்.

கயல்விழி:
முடக்காதீர்கள். "79 டாலர் எனக்குச் சேர வேண்டியது" என்று வங்கியிடம் எழுதிக்கொண்டே அந்த 79 டாலருக்கான சேவையை எப்படி நிறுத்துவீர்கள்? பணமும் எனக்கு, பொருளும் எனக்கு என்றா? அதோடு உங்கள் படம் 1-ல் "இன்றும் இயங்குகிறது" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

ஓஎம்ஆர் வாசி:
மேடம் சொல்றதுல பாயிண்ட் இருக்கு. முடக்கினா நாளைக்கு அவரே "சேவை தரலை"ன்னு சொல்ல நீங்களே வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். தீர்ப்பு வரட்டும். தோத்தா அன்னைக்கே முடக்குங்க, ஜெயிச்சா வருஷம் முடியற வரைக்கும் அவருடையது.

மலைக்கோட்டை:
தீர்ப்பு வர ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஓசியில ஓடட்டும்ங்கறீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம். நான் இன்னும் என் கட்சிதான், 79-ஐ விட்டுத் தள்ளிட்டு வேலையைப் பாருங்க.

நெசவாளி:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆதாரத்தை அப்லோட் பண்ணியாச்சு. ஸ்டேட்மென்ட் பேரை மாத்தச் சொல்லி கேட்வேக்கும் எழுதிட்டேன், ஜிஎஸ்டி சான்றிதழ் கேக்கறாங்க. லைசென்ஸ் ஓடட்டும். ஆனா அவர் மறுபடியும் டைம்சோன்னு டிக்கெட் போட்டார்னா ராத்திரி உக்காந்தெல்லாம் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்.