ஒச்சோடோரெனாவுக்கு எவ்வளவு கிரெடிட் குடுக்கலாம்?

கீப்பர்_கண்ணு: நேத்து ஸ்பெயின் ஃபுட்பால் கீப்பர் காசியாஸ் பத்தி பேசிட்டிருந்தப்ப ஒருத்தர் "கீப்பிங் கோச்னா பந்து பொறுக்கிப் போடுற ஆளு"ன்னு எழுதியிருந்தாரு, அதுக்குத்தான் இந்தத் திரி. ஹோசே மானுவல் ஒச்சோடோரெனா, சான் செபாஸ்டியன்காரர், ரியல் மாட்ரிட்ல இருந்து வலென்சியா போய் 1988-89ல ஸமோரா டிராஃபி வாங்கினவரு. ஸ்பெயின் லீக்ல மேட்ச் கணக்குக்கு ரொம்பக் கம்மியா கோல் விட்ட கீப்பருக்குக் குடுக்குறது அது. அப்புறம் கீப்பர்களுக்கு டிரெய்னிங் குடுக்குற கோச்சா லிவர்பூல்ல 2005 சாம்பியன்ஸ் லீக், ஸ்பெயினோட 2008 யூரோ, 2010 வேர்ல்ட் கப், 2012 யூரோ. இவரு பந்து பொறுக்குறவரா?

மாட்ரிட்_மச்சி: எழுதினது நான்தான் பாஸ், இப்பவும் அதான் சொல்றேன். 2010 வேர்ல்ட் கப் ஃபைனல்ல நெதர்லாந்து ராபன் தனியா வர்றான், காசியாஸ் ஒரு பக்கம் விழுந்துட்டாரு, பின்னாடி கெடந்த வலது கால் நுனில பட்டு பந்து வெளிய போச்சு. அதை எந்த கோச் சொல்லிக்குடுத்தாரு? 1990 வேர்ல்ட் கப்ல உங்காளு பெஞ்ச்ல, ஸ்பெயினுக்கு நாலு மேட்ச்சும் கீப்பரா ஆடினது சுபிசரேட்டா.

கீப்பர்_கண்ணு: பெஞ்ச்ல இருந்தவனுக்குத்தான் ரெண்டாவது கீப்பரோட மனசு தெரியும். அதே 2010ல பராகுவே மேட்ச்ல அவங்க ஆளு கார்டோசோ அடிச்ச பெனால்டிய காசியாஸ் அப்படியே பிடிச்சாருல்ல, எந்தப் பக்கம் அடிப்பான்னு சொன்னது பெஞ்ச்ல இருந்த இன்னொரு ஸ்பெயின் கீப்பர் ரெய்னா.

மாட்ரிட்_மச்சி: அப்ப கிரெடிட் ரெய்னாவுக்குப் போகட்டும்! அந்த ஏப்ரல்ல லிவர்பூல் கீப்பரா நின்னு, கார்டோசோவோட கிளப் பென்ஃபிகா மேட்ச்ல அவன் கிட்ட ரெண்டு பெனால்டி கோல் வாங்கின ஆளு, அந்த வலில சொல்லியிருப்பாரு.

ஆன்ஃபீல்ட்_அண்ணாச்சி: தம்பி, அந்த ரெய்னா 2005ல லிவர்பூல் வந்தப்ப தினம் கூட நின்னு டிரெய்னிங் குடுத்தது யாரு? இதே ஆளுதான். 2006ல இங்கிலாந்தோட எஃப்ஏ கப் ஃபைனல் ஷூட்அவுட்ல மூணு பெனால்டி தடுத்தாரு, அடுத்த வருஷம் செல்சியோட சாம்பியன்ஸ் லீக் செமில ராபன், ஜெரெமி ரெண்டு பேரோடதும். இஸ்தான்புல்ல 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஷூட்அவுட்ல அப்போதைய லிவர்பூல் கீப்பர் டூடெக், மிலனோட பிர்லோவையும் ஷெவ்செங்கோவையும் தடுத்தது தனி. ரெண்டு கீப்பர், வேற வேற ஸ்டைல், ஒரே கோச், யோசிங்க.

மாட்ரிட்_மச்சி: சரி அண்ணாச்சி, பெனால்டில ஹோம்வொர்க் இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா 2014 வேர்ல்ட் கப்ல ஸ்பெயினை நெதர்லாந்து 5-1 அடிச்சப்ப அவங்க ஸ்ட்ரைக்கர் வான் பெர்சிக்கு காசியாஸ் பந்தை காலாலயே தாரை வார்த்தாரே, அப்பவும் இதே கோச்தான? ஜெயிச்சா கோச், தோத்தா கீப்பரா?

கீப்பர்_கண்ணு: அது நியாயமான கேள்வி. அன்னிக்கு அவரைத்தான் ஆட வைக்கணுமான்னு முடிவு பண்ணது ஹெட் கோச் டெல் போஸ்கே, ஆனா அந்த அஞ்சு கோல்ல ஒச்சோடோரெனாவுக்குப் பங்கே இல்லன்னு நானும் சொல்லமாட்டேன். நான் காலேஜ்ல கீப்பரா நின்னவன் மச்சி, எங்களுக்குத் தனி கோச்லாம் கெடையாது, மத்தவங்க பிராக்டிஸ் முடிச்சப்புறம் எவனாவது மனசு வச்சா பத்து ஷாட் அடிப்பான், கிராஸ் வந்தா முன்ன வரணுமா நிக்கணுமான்னு சொல்ல ஆளே இல்ல. அந்தக் கடுப்புலதான் பேசுறேன்னு வச்சுக்க. நீ எந்த பொசிஷன்?

மாட்ரிட்_மச்சி: ரைட் பேக், வலது பக்க டிஃபென்டர்.

ஆன்ஃபீல்ட்_அண்ணாச்சி: அதான பாத்தேன் 😂