பார்சிலோனாவுக்குக் குடும்பத்தோடு: அப்பார்ட்மெண்ட் எடுக்கலாமா, கூடாதா?

கோவைக்காரன்:
வணக்கம். வரும் மே மாதம் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பார்சிலோனா போகிறோம், ஒரு வாரம். ஹோட்டல் என்றால் மூன்று அறை போடச் சொல்கிறார்கள், கட்டுப்படியாகாது. அம்மா வெளிச்சாப்பாட்டைத் தொடவும் மாட்டார். பார்சலோனெட்டா என்ற பகுதியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அப்பார்ட்மெண்ட் பார்த்து வைத்திருக்கிறேன். ஆபீஸ் நண்பர் ஒருவர், "அந்த ஊரில் வீடெடுத்துத் தங்குவது பாவம், தண்ணீர்த் துப்பாக்கியால் அடிப்பார்கள்" என்று பயமுறுத்துகிறார். போனவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:
நான் இங்கே வாடகை வீட்டில் இருப்பவன். என் பேச்சு ஒரு பக்கம் சாயும், அதைத் தெரிந்தே படியுங்கள். தண்ணீர்த் துப்பாக்கி விஷயம் 2024 ஜூலை ஊர்வலத்தில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தார்கள், அதில் சிலர் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்ட பயணிகள் மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். உங்கள் மேல் யாரும் பீய்ச்சப் போவதில்லை. ஆனால் அவர்கள் ஏன் தெருவில் இறங்கினார்கள் என்று பாருங்கள். பத்து வருடத்தில் வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்று மேயர் கொல்போனியே அதற்கு முந்தைய மாதம் சொன்னார். நகரத்தில் உள்ள 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமம் 2028 நவம்பரோடு சரி, அப்புறம் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்ததும் அதே நாளில்தான்.

நீங்கள் பார்த்திருக்கும் பார்சலோனெட்டா 18ஆம் நூற்றாண்டில் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குடியேறிய இடம். பிறகு இடம் போதாமல் ஒவ்வொரு தளத்தையும் நாலாக வகுந்து, முப்பது சொச்சம் சதுர மீட்டரில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அப்படி ஒரு கால் வீட்டைத்தான் இன்று 'கடலோர ஸ்டுடியோ' என்று படம் போட்டு விற்கிறார்கள். நள்ளிரவில் பெட்டிச் சக்கரம் கல்தரையில் கடகடவென்று வரும். வாசலில் சாவிப்பெட்டியின் எண்ணைப் போட்டுப் பார்த்து, திறக்காமல், மொத்தக் கட்டடத்தின் காலிங் பெல்லையும் அழுத்துவார்கள். மாடிப்படி ஆளொருவர் அகலம். மேலே இருக்கும் பாட்டி காலையில் கேஸ் சிலிண்டர்காரருக்காக எழுந்திருக்க வேண்டும், இவர்களோ மூன்று மணிக்குத்தான் பாட்டை நிறுத்துவார்கள். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாது. அடுத்த வாரம் அடுத்த கூட்டம் வரும்.

காபிப்பொடி:
நெய்தல் சார், பாட்டியின் தூக்கம் கெடுவது தப்புதான். அதற்கும் ஆறு பேர் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? எட்டு மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுப்பவர்களைப் பார்த்து அந்தத் தெருவே சந்தோஷப்படும். உரிமம் உள்ள வீட்டில் காசு கொடுத்து, வரி கட்டித் தங்குகிறார்கள். உரிமம் கொடுத்தது உங்கள் நகராட்சிதானே?

அப்புறம் கணக்கு. 16 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரில் பத்தாயிரம் வீட்டை மீட்டால் வாடகை இறங்கிவிடுமா? 2024 மார்ச்சில், பார்சிலோனா இருக்கும் கட்டலோனியா மாநிலத்தில் வாடகைக்கு உச்சவரம்பு போட்டார்கள். வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? 'பருவகால வாடகை' என்று மாதக்கணக்கில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் மடிக்கணினியில் வேலை பார்க்க வருகிறவர்களுக்கும் விட ஆரம்பித்தார்கள், ஏனென்றால் வரம்பு அதற்குப் பொருந்தவில்லை. சுற்றுலா வீட்டை மூடினால் பாதி வீடு அந்தப் பக்கம்தான் போகும். பயணியைத் திட்டுவது சுலபம், அவருக்கு அங்கே ஓட்டு கிடையாது.

நெய்தல்:
பருவகால வாடகை ஒரு ஓட்டையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு ஓட்டை இருந்தது என்பதற்காக இன்னொன்றையும் திறந்தே வைக்க வேண்டுமா? பத்தாயிரம் சின்ன எண் என்கிறீர்கள். அது ஊர் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் சின்ன எண். எய்ஷாம்பலா என்ற நடுநகரப் பகுதியிலும் பழைய நகரத்திலும் குவிந்திருக்கும்போது அந்தத் தெருவில் இருப்பவருக்குப் பெரிய எண். பக்கத்து வீட்டில் உப்பு கடன் கேட்க ஆளில்லை.

மாடிவீட்டுக்காரி:
சண்டையை நடத்துங்கள், நடுவில் ஒரு நிமிடம். கோவைக்காரன் அண்ணா, அப்பாவுக்கு முழங்கால் எப்படி? பார்சலோனெட்டாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்டே கிடையாது. எய்ஷாம்பலா பக்கம் பார்த்தாலும் மாடி எண்ணை நம்பாதீர்கள். தரைத்தளத்துக்கு மேல் 'என்த்ரெசோல்', அதற்கு மேல் 'பிரின்சிபால்', அதற்கும் மேலேதான் 'முதல் மாடி' என்று சில கட்டடங்களில் இருக்கும். விளம்பரத்தில் முதல் மாடி என்று படித்துவிட்டு, பெட்டியோடு மூன்று மாடி ஏறிய குடும்பத்தை நான் அறிவேன்.

விளம்பரத்தில் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பார்சிலோனாவில் அது எச்.யு.டி.பி. (HUTB) என்று தொடங்கும். நகராட்சித் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம், முகவரியும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பெயின் முழுக்க 2025 ஜூலையிலிருந்து தனிப் பதிவு எண்ணும் கட்டாயமானது. அதற்கு முன் மே மாதம், விதி மீறியவை என்று 65,000க்கும் மேற்பட்ட விளம்பரங்களை நீக்கச் சொல்லி அந்நாட்டு நுகர்வோர் அமைச்சகம் ஏர்பிஎன்பிக்கு உத்தரவு போட்டது. அதனால் எண் இல்லாத வீடு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். தளத்துக்கு வெளியே வங்கியில் பணம் போடச் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். எல்லார் பாஸ்போர்ட் விவரமும் கேட்பார்கள், அது மட்டும் சட்டப்படி சரி.

ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும், விசாவோ பிறகுதான் வரும். ஹோட்டலில் இலவச ரத்து சாதாரணம், அப்பார்ட்மெண்டில் பல பேர் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ரத்து விதியைப் படிக்காமல் கை வைக்காதீர்கள். சுற்றுலா வரி தனி: 2024 அக்டோபரில் இந்த வகை வீட்டுக்கு ஆளுக்கு ஓர் இரவு 6.25 யூரோ ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் நாலு பெரியவர், ஏழு இரவு, 175 யூரோ. பிள்ளைகளுக்கு இல்லை. இந்த வரி ஏறித்தான் பழக்கம், போகும் முன் மறுபடி பாருங்கள்.

காபிப்பொடி:
மேடம் சொன்னதில் ஒன்றுகூட 'அப்பார்ட்மெண்ட் வேண்டாம்' என்பதில்லை, கவனிக்கவும்.

நெய்தல்:
சமையலறை வேண்டும் என்றால் அப்பார்ட்-ஹோட்டல் இருக்கிறது. முழுக் கட்டடமும் விடுதிக்கானது, அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் யாரும் இல்லை. இல்லையென்றால் பக்கத்து ஊரான பதலோனாவில் தங்கி மெட்ரோவில் வாருங்கள்.

காபிப்பொடி:
அப்பார்ட்-ஹோட்டல் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா? மே மாதத்தில் ஆறு பேருக்கு? பதலோனா யோசனை அதைவிட நன்றாக இருக்கிறது. அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர் மனிதர் இல்லையா? உங்கள் தெருப் பிரச்சினையைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைக்கிறீர்கள். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கி, நாலு மணி நேரம் சுற்றிவிட்டு, ஒரு காபி குடித்துப் போகிறார்களே, அவர்களைக் கேட்க ஆளில்லை.

நெய்தல்:
கேட்கிறார்கள். கப்பல் முனையங்களை 2030க்குள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025 ஜூலையில் ஒப்பந்தம் போட்டாயிற்று. உரிம விஷயமும் வெறும் மேயர் பேச்சில்லை. அதற்கு அடிப்படையான கட்டலோனியச் சட்டத்தை எதிர்த்துப் போன வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளிவிட்டது. பதலோனா பற்றிச் சொன்னது குத்துகிறது, சரி. ஆனாலும் விடுதிக்கென்று கட்டிய கட்டடத்துக்கும் குடித்தனத்துக்குக் கட்டிய வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதனால் அழிந்துவிடாது.

கோவைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன், பார்சலோனெட்டா அங்கேயே அடிபட்டுப் போனது. எய்ஷாம்பலாவில் லிஃப்ட் உள்ள வீடு, உரிம எண் நகராட்சித் தளத்தில் சரியாக வருகிறது, விசா வரவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பும். நெய்தல் சாருக்குப் பிடிக்காது, தெரியும். அப்பார்ட்-ஹோட்டலும் விசாரித்தேன், ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னும் ஒன்று: அம்மா குக்கர் எடுத்துவரட்டுமா?

மாடிவீட்டுக்காரி:
அடுப்பு இண்டக்‌ஷனா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அம்மாவின் அலுமினிய குக்கர் சூடாகவே ஆகாது, இண்டக்‌ஷன் அடி வைத்தது வேண்டும். பருப்பு, மாவு வகை பழைய நகரத்தின் ராவல் பகுதியில் பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் நடத்தும் மளிகைக் கடைகளில் கிடைக்கும். ஞாயிறன்று பெரும்பாலான சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள்.

நெய்தல்:
பிடிக்கவில்லைதான். ஆனால் எண்ணைச் சரிபார்த்துத்தான் எடுத்தீர்கள், அதைச் செய்யாமல் வருகிறவர்களே அதிகம். இரவு பத்து மணிக்கு மேல் மாடத்தில் நின்று ஊருக்குப் போன் பேசாதீர்கள். உள்முற்றத்தில் குரல் கீழ்த்தளம் வரை இறங்கும்.

காபிப்பொடி:
2028 டிசம்பரில் வாடகை எவ்வளவு இறங்கியது என்று இதே இழையில் வந்து சொல்லுங்கள் சார். நான் இங்கேதான் இருப்பேன்.