இரண்டு நாய், மூன்று பூனை: தீனிச் செலவா, டாக்டர் செலவா, எதில் கை வைப்பது?

ஐந்துவால்:

வீட்டில் மொத்தம் ஐந்து உருப்படிகள். பெரியவன் ஆண் நாய், 20 கிலோ, கருத்தடை ஆகிவிட்டது. சின்னவள் பெண் நாய், 6 வயது, 10 கிலோ இருக்கிறாள், 8 கிலோதான் இருக்க வேண்டும் என்று டாக்டர் போகும்போதெல்லாம் சொல்கிறார், கருத்தடை இன்னும் செய்யவில்லை, தள்ளிக்கொண்டே போகிறது. பூனைகள் மூன்றும் ஆளுக்கு 4 கிலோவை ஒட்டி. அதில் மூத்தவளுக்குக் கிட்னிக் கோளாறு ஆரம்பம் என்று ரத்தப் பரிசோதனையில் வந்து, அவளுக்கு மட்டும் தனி கிட்னி டயட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

தொல்லை என்னவென்றால், தட்டுகளை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்போம். யார் எதைத் தின்கிறார்கள் என்றே தெரியாது. விலை கூடிய கிட்னி டயட்டை மற்ற இரண்டு பூனைகளும் காலி செய்கின்றன, மிச்சத்தைச் சின்னவள் நக்கித் தீர்க்கிறாள், மூத்தவள் போய் நாயின் தட்டில் வாய் வைக்கிறாள். மாதா மாதம் தீனிக்கே பெரும் தொகை போய்விடுகிறது, அதற்கு மேல் ஐந்து பேருக்கும் தடுப்பூசி ஒரே மாதத்தில் வந்து விழுகிறது.

யோசித்து வைத்திருப்பவை: பூனைகளையும் நாய் டிரை ஃபுட்டுக்கே மாற்றிவிடலாமா, பெரிய மூட்டையாக வாங்கினால் மலிவு. இந்த வருடம் தடுப்பூசியை விட்டுவிடலாமா, எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடப்பவைதானே. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பெரியவனுக்கு வாங்கும் ஸ்பாட்-ஆன் மருந்தையே (பிடரித் தோலில் சொட்டு விடுவது) பூனைகளுக்கும் சொட்டுச் சொட்டாகப் பிரித்து விடலாமா. இன்சூரன்ஸ் எடுப்பதில் பலன் உண்டா. "இத்தனை எதற்கு வளர்க்கிறாய்" என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், அதை விட்டு வேறு சொல்லுங்கள்.

மீசைக்கூட்டம்:

முதலில் கடைசிக்கு முந்தின யோசனையை இப்போதே கைவிடுங்கள். நாய் ஸ்பாட்-ஆன் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகும். பிரித்து விட்டால் அளவு குறையும் என்று நினைக்காதீர்கள், பூனைக்குக் கொஞ்சமே போதும். அதே நாய்க்கு மருந்து போட்ட அன்று பூனை அதை ஒட்டிப் படுப்பதும் நக்குவதும்கூட ஆபத்துதான். உங்கள் வீட்டில் எல்லாம் ஒரே பாயில் உருளும் என்று நினைக்கிறேன், அதனால் நாய்க்கே பெர்மெத்ரின் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது தீனி. உங்கள் பணம் ஓட்டையாவது மூட்டை விலையில் இல்லை, திறந்த தட்டில். ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் போதும். எடையைக் கிலோவில் எடுத்து மூன்று தடவை பெருக்குங்கள், வர்க்கமூலம் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள், அப்புறம் 70ஆல் பெருக்குங்கள். சும்மா படுத்திருந்தாலே அந்த உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கிலோகலோரி அது. 20 கிலோ நாய்க்கு 20×20×20 என்றால் 8000, மூலம் 89.4, மறுபடி மூலம் 9.46, 70ஆல் பெருக்கினால் 662. கருத்தடை ஆன சாதாரண நாய் என்றால் அதை 1.6ஆல் பெருக்கு, 1060 பக்கம் வரும். பூனைக்கு 4×4×4 = 64, மூலம் 8, மறுபடி 2.83, எழுபதால் பெருக்கினால் 198. கருத்தடை ஆன பூனைக்கு 1.2, ஆக 240க்குக் கொஞ்சம் குறைவு.

இனி மூட்டையின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிலோகலோரி என்று பாருங்கள். 370 என்று போட்டிருந்தால் ஒரு பூனைக்கு நாளைக்கு 65 கிராம் போதும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்று இருக்கும், ஆமாம் அவ்வளவேதான். கப்பால் அளக்காதீர்கள், ஒருவர் குவித்து அள்ளுவார், இன்னொருவர் தட்டி அள்ளுவார், கிச்சன் தராசில் கிராம் பார்த்துப் போடுங்கள். சின்னவளுக்கு 10 கிலோவுக்குக் கணக்குப் போடக் கூடாது, இருக்க வேண்டிய 8 கிலோவுக்குப் போடுங்கள், 1.6, 1.2 என்ற பெருக்கு எதுவும் வேண்டாம்: 333. பிஸ்கட், எலும்புத் துண்டு, மேசையிலிருந்து விழுவது எல்லாம் சேர்ந்து நாள் கணக்கில் 10 சதவீதம் தாண்டக் கூடாது, அதுவும் இந்த 333க்குள்தான். இந்தக் கணக்கு ஆரம்பப் புள்ளி மட்டும்தான், ஒவ்வொரு உடம்பும் ஒரு மாதிரி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

பிராண்டுகளை ஒப்பிடும்போதும் கிலோ விலை பார்க்காதீர்கள். 1000 கிலோகலோரிக்கு என்ன விலை என்று பாருங்கள். சில மலிவு மூட்டைகளில் கிராமுக்குக் கலோரி குறைவு, இரண்டு பிடி கூடப் போட வேண்டியிருக்கும், மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

பூனைக்கு நாய் ஃபுட் வேண்டவே வேண்டாம். பூனைக்கு டாரின் என்ற சத்து சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், நாயின் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும், அதனால் நாய் ஃபுட்டில் பூனைக்குப் போதுமான அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. மாதக்கணக்கில் குறைந்தால் இதயத் தசை தளரும், கண்ணின் விழித்திரை கெடும். மூட்டையில் மிச்சம் பிடித்த காசு ஸ்கேனுக்குப் போதாது.

நான்குகால்:

நான் தலைகீழாகச் செய்கிறேன், எல்லாருக்கும் பூனை ஃபுட். நாய்கள் விரும்பித் தின்கின்றன, ஒன்றும் ஆகவில்லை.

மீசைக்கூட்டம்:

ஒன்றும் ஆகவில்லை என்றால் சரி, ஆனால் பூனை ஃபுட்டில் கொழுப்பும் கலோரியும் கூடுதல். ஏற்கெனவே இரண்டு கிலோ கூடிப்போன ஒரு சின்ன நாய்க்கு அதைச் சொல்லாதீர்கள். கணையம் வீங்கினால் நாலு நாள் டிரிப்ஸ். காசும் மிச்சமாகாது, பூனை ஃபுட்தானே விலை கூட.

மாத்திரைப்பெட்டி:

கால்நடை கிளினிக் ஒன்றில் மருந்துப் பக்கம் வேலை பார்த்திருக்கிறேன், டாக்டர் இல்லை. தீனிக் கணக்கை மேலே அழகாகச் சொல்லிவிட்டார்கள், நான் வைத்தியப் பக்கம் மட்டும்.

தடுப்பூசியை "விட்டுவிடலாமா" என்று கேட்காதீர்கள், "எது இந்த வருடம் கட்டாயம்" என்று கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ என்ற மூன்று வைரஸ் நோய்களுக்கான ஊசியும் குட்டியில் முறையாகப் போட்டு அதற்கடுத்த பூஸ்டரும் ஆகியிருந்தால், உலகச் சிறு விலங்கு மருத்துவச் சங்க வழிகாட்டுதல்படி 3 வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. பூனைக்குப் பான்லுக்கோபீனியா என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் அப்படித்தான். நாய்க்கு லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசி மட்டும் வருடாவருடம், அதன் பாதுகாப்பு நீண்ட நாள் நிற்காது. ரேபிஸ் என்பது உங்கள் ஊர்ச் சட்டமும் அந்த மருந்தின் லேபிளும் சொல்கிறபடி, அதில் பேரமே கிடையாது, அறிகுறி வந்துவிட்டால் மிருகத்துக்கும் மனிதனுக்கும் பிழைப்பது அரிது. வீட்டுக்குள் கிடக்கிற பூனை என்றாலும் ஒரு வௌவால் உள்ளே வந்தால் போதும். பழைய தடுப்பூசி அட்டைகள் ஐந்தையும் எடுத்துப் போய் டாக்டர் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், பல வீடுகளில் பழக்கத்தில் வருடாவருடம் எல்லாவற்றையும் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். அட்டை தொலைந்துவிட்டால் கதை வேறு, அப்போது டாக்டர் மறுபடி போடத்தான் சொல்வார், அதனால் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஊசி இல்லாத வருடமும் உடம்பைக் காட்டுவது வேண்டும். முக்கியமாக மூத்த பூனைக்கு. ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறும்போது கிட்னியின் வேலை பெரும்பகுதி போயிருக்கும், நாலில் மூன்று பங்கு என்று சொல்வார்கள். எடை குறைகிறதா, தண்ணீர் கூடக் குடிக்கிறதா, மணலில் கட்டிகள் பெரிதாகின்றனவா, இதெல்லாம் நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம், காசில்லை.

தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டால் ஐந்துக்கும் ஒரே நாளில், அவரவர் இனத்துக்கும் எடைக்கும் உரியதை. சொறிகிறதற்கு மட்டும் போடுவதுதான் பெரிய விரயம், பூச்சி அடுத்ததன் மேல் ஏறிக்கொள்ளும். கூட்டுப்புழு கம்பளத்திலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும், அதனால் நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் நாடாப்புழு வேறு. குடற்புழு மாத்திரையும் எடை பார்த்துத்தான், குத்துமதிப்பு வேண்டாம்.

சின்னவளின் கருத்தடையைத் தள்ளுவது சேமிப்பே இல்லை. ஸ்வீடனில் இன்சூரன்ஸ் எடுத்த நாய்களின் கணக்கை வைத்துச் செய்த ஆய்வில், கருத்தடை ஆகாத பெண் நாய்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு 10 வயதுக்குள் கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது. அதைப் பயோமெட்ரா என்பார்கள், நடு ராத்திரியில் அவசர ஆபரேஷனாக முடியும், பில் சாதாரணக் கருத்தடையைப் போலப் பல மடங்கு. எடையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்தால் மயக்க மருந்தும் சுலபம், டாக்டரிடம் தேதி கேட்டு வையுங்கள்.

பில் கையில் வந்த பிறகு கணக்குப் பார்க்காமல் முன்னாலேயே பேசுங்கள். நான் கவுன்ட்டரில் நின்ற நாட்களில், பணம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த முறை வராமலே போனவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். "இந்த டெஸ்ட் முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மாறாது என்றால் தள்ளிப்போடலாம். மருந்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஜெனரிக் வாங்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை எடுக்காதீர்கள், பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லும், ஐபுபுரோஃபென் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும்.

ஐந்துவால்:

எல்லாருக்கும் நன்றி. ஸ்பாட்-ஆன் யோசனை போயே போச்சு. இரண்டு சந்தேகம். கிட்னி டயட்டை மற்ற பூனைகள் தின்றால் அவற்றுக்குக் கெடுதலா? தட்டை எடுத்துவிட்டால் மூத்தவள் கோபித்துக்கொண்டு தின்னாமலே இருந்துவிடுவாள், அவள் குணம் அப்படி.

மீசைக்கூட்டம்:

வளர்ந்த, ஆரோக்கியமான பூனைகள் கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது, பாஸ்பரஸ் குறைவான உணவு அவ்வளவுதான், குட்டிகளுக்குத்தான் கூடாது. கெடுதல் உங்கள் பர்சுக்கு. மூத்தவள் மற்றதைத் தின்பதுதான் விஷயம், அவளுக்குப் பாஸ்பரஸ் அதிகம் உள்ளே போகக் கூடாது.

நேரம் வைத்துச் சாப்பாடு. மூத்தவளை ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், அரை மணி நேரம், நாளைக்கு மூன்று நான்கு தடவை சிறு சிறு அளவாக. மற்ற பூனைகளின் தட்டு நாய்க்கு எட்டாத உயரத்தில். பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்பைப் படித்து அந்தப் பூனைக்கு மட்டும் மூடி திறக்கும் தட்டு கிடைக்கிறது, விலை கூடத்தான், ஆனால் கிட்னி டயட் மூட்டை எத்தனை நாள் கூட வருகிறது என்று பார்த்தால் சீக்கிரமே ஈடாகும்.

பிடிவாதத்தில் பட்டினி போட்டுப் பழக்க வேண்டாம், இது பூனை. இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறிப் பெரிய ஆபத்தாகும். பழையதோடு புதியதைக் கலந்து ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றுங்கள், கிட்னி வெட் ஃபுட்டில் கொஞ்சம் சூடு காட்டினால் வாசனை ஏறும், தண்ணீரும் உள்ளே போகும். 24 மணி நேரம் வாயே வைக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன்.

மாத்திரைப்பெட்டி:

இன்சூரன்ஸ் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போயிற்று. ஏற்கெனவே இருக்கும் நோயை அநேகமாக எந்தத் திட்டமும் ஏற்காது, ஆகவே மூத்தவளின் கிட்னிக்கு இனி எடுத்துப் பயனில்லை. இளசுகளுக்கு எடுப்பதாக இருந்தால் காத்திருப்புக் காலம், வருட உச்ச வரம்பு, நீங்கள் முதலில் கட்ட வேண்டிய பங்கு, இந்த மூன்றையும் படித்துவிட்டு எடுங்கள். பலவற்றைச் சேர்த்தால் தள்ளுபடி தருகிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். மற்றவற்றுக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, தீனியில் மிச்சமாவதை அன்றன்றே அதில் போடுங்கள், கையில் வைத்தால் நிற்காது. ஐந்து பேரின் செக்கப்பையும் வெவ்வேறு மாதங்களுக்கு நகர்த்தச் சொல்லுங்கள், தடுப்பூசிக் கெடு தாண்டாமல் சில வாரம் முன்னால் போட்டுக்கொள்வதில் பொதுவாகத் தடையில்லை.

அந்தக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாத விஷயங்கள்: உங்கள் மற்ற பூனைகளில் ஆண் இருந்து, மணல் பெட்டியில் உட்கார்ந்து முக்கிச் சிறுநீர் வராவிட்டால் அன்றே, மணிக்கணக்கில். நாய்க்கு வயிறு உப்பி, ஓங்கரித்து ஒன்றும் வராவிட்டால் உடனே. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் உடனே. தவணையாகக் கட்டலாமா என்று உங்கள் கிளினிக்கில் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஐந்துவால்:

ஆண் ஒன்று இருக்கிறான், நடுப்பூனை. குறித்துக்கொண்டேன். தராசு வாங்கியாயிற்று, முதல் வேலையாகப் பெரியவனின் தட்டை நிறுத்துப் பார்த்தேன், 290 கிராம் வேண்டிய இடத்தில் 420 இருந்தது. சின்னவளுடையதை இன்னும் நிறுக்கவில்லை, பயமாக இருக்கிறது.