எம்டி-32ல டாஸ் கேம் இசையை ரெக்கார்ட் பண்றது: எர்ரரும் ஹம்மும்

பழைய_பிசி:
ரோலண்ட் எம்டி-32 (மிடிங்கிற இசைக் கட்டளைகளை வாங்கி ஒலியா மாத்துற பெட்டி), ஹெட்ஃபோன் ஜாக் இல்லாத பழைய மாடல். லேப்டாப்ல டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் (பழைய டாஸ் கேமை ஓட்டுற எமுலேட்டர்), நடுவுல யுஎஸ்பி மிடி கேபிள், ரெக்கார்டிங்குக்கு ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ். சியரா கேம் எதை ஆரம்பிச்சாலும் டிஸ்ப்ளேல "பஃபர் ஓவர்ஃப்ளோ", சில சமயம் "செக்சம் எர்ரர்". பாட்டு ஓடுது, ஆனா வாத்தியமெல்லாம் மாறிக் கேட்குது. ரெக்கார்டிங்ல அடியில ஒரு ஹம் வேற. எங்கிருந்து சரி பண்ணணும்?

டின்_கேபிள்:
எர்ரரை முதல்ல பார்ப்போம். அந்தக் கேம்கள் தொடக்கத்துலயே தங்களுக்குன்னு செஞ்ச வாத்திய ஒலிகளை சிஸெக்ஸ் செய்தியா (ஒரு குறிப்பிட்ட கருவிக்குன்னே போற நீளமான மிடி செய்தி) எம்டி-32க்கு அனுப்பும். 1987ல வந்த பழைய மாடலோட மிடி பஃபர் (வர்ற டேட்டாவைப் பிடிச்சு வெக்கிற இடம்) ரொம்பச் சின்னது. அந்தக் காலத்து மெதுவான பிசிக்கு அது போதும். இப்போ டாஸ்பாக்ஸ் இடைவெளியே விடாம கொட்டுது, பெட்டி தாங்க மாட்டேங்குது. பாதி ஒலி ஏறாததாலதான் வாத்தியம் மாறிக் கேட்குது.

டாஸ்பாக்ஸ் உள்ளே "மிக்ஸர் /லிஸ்ட்மிடி" கொடுத்து உங்க கேபிளோட எண்ணைப் பாருங்க. டாஸ்பாக்ஸ் செட்டிங் ஃபைல்ல இருக்கிற மிடிகான்ஃபிக் வரியில அந்த எண்ணைப் போட்டு, ஒரு இடம் விட்டு, "டிலேசிஸெக்ஸ்"னு ஒரே வார்த்தையா சேர்த்துடுங்க. எம்பியு-401 (டாஸ் கேம்கள் எதிர்பார்க்கிற மிடி கார்டு) செட்டிங் "இன்டெலிஜென்ட்"லயே இருக்கட்டும். நிஜமான பழைய பிசியில ஓட்டுறவங்களுக்கு இதே வேலையை சாஃப்ட்எம்பியுங்கிற டாஸ் புரோகிராம் செய்யும், அதுலயும் இந்த ஆப்ஷன் உண்டு.

ஒவ்வொரு கேமுக்கு முன்னாடியும் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. முந்தின கேம் ஏத்தின ஒலி உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ரெட்ரோ_ரசிகன்:
இவ்வளவு பாடு எதுக்கு ப்ரோ? எம்டி-32ஐ சாஃப்ட்வேர்லயே ஓட்டுற மன்ட் எமுலேட்டர் போட்டா ஹம்மும் இல்ல, எர்ரரும் இல்ல.

எர்த்_பின்:
மன்ட் நல்லாத்தான் இருக்கும், அதுக்கும் எம்டி-32 சிப்புல இருந்து எடுத்த ரோம் ஃபைல் வேணும். பெட்டியைக் கையில வெச்சிருக்கிறவர்கிட்ட அதைச் சொல்லி என்ன பண்றது?

ஹம்முக்கு: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரில ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. ஹம் போச்சுன்னா கிரவுண்ட் லூப்தான் (கருவிகளோட எர்த் இணைப்புகள் வளையமாகி ஹம் ஏறுறது). பேட்டரிலயே முடிச்சுடலாம், இல்லேன்னா ரெண்டு சேனலுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. போகலைன்னா அடாப்டர் மேல சந்தேகப்படுங்க. எம்டி-32க்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். ரிச்சி ஸ்ட்ரீட்ல சும்மா கேட்டா நடுமுனை பாசிட்டிவ்தான் எடுத்துக் கொடுப்பாங்க, ஸ்டிக்கர்ல இருக்கிற வட்டப் படத்தைப் பார்த்து வாங்குங்க. ரெகுலேட்டட், 1 ஆம்பியர். ஜப்பான் செட்டோட வந்த அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம்ம 230ல நேரா சொருகினா கதை முடிஞ்சது. மைக் இல்லாம கேபிள் வழியா லைன் இன் ஆச்சே, ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்ல ஏறாதுன்னு நினைப்பீங்க. சத்தம் ஏறாது, எலக்ட்ரானிக் ரெகுலேட்டரோட கிர்ர்ர் ஏறும். அந்த நேரத்துக்கு ஃபேனை ஃபுல்ல வைங்க, இல்ல வேர்வையோட உட்காருங்க.

கேபிள் ரெண்டு தனித்தனி 6.35 மி.மீ. மோனோ. இன்டர்ஃபேஸ்ல "லைன்" பட்டன், கிட்டார் பட்டன் இல்ல. எம்டி-32 வால்யூம் முழுசா இருக்கட்டும். அங்கே குறைச்சா இசை மட்டும் இறங்கும், ஹிஸ் அப்படியே நிக்கும். கெய்னை இன்டர்ஃபேஸ்ல குறைச்சு, கேம்லயே சத்தமான இடம் -6 டிபியைத் தாண்டாம பாருங்க. 24 பிட் போடுங்க. சாம்ப்ளிங் 44.1 போதும், பெட்டிக்குள்ள ஓடுறதே 32 கிலோஹெர்ட்ஸ்தான், 96ல எடுத்தா டிஸ்க்தான் நிரம்பும். நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போடாதீங்க, ரிவெர்ப் வால் (எதிரொலி மெல்ல அடங்குற கடைசிப் பகுதி) முதல்ல செத்துடும்.

இன்னொண்ணு, கேம்ல வர்ற கதவு, பறவைச் சத்தமும் எம்டி-32லயே வரும். ரெக்கார்ட் ஆகும்போது கேம்ல யாரையும் நடக்க விடாதீங்க.

பழைய_பிசி:
டிலே போட்டதும் ஓவர்ஃப்ளோ போயிடுச்சு, நன்றி. பேட்டரில ஹம்மும் இல்ல. ஆனா செக்சம் இன்னும் வருது, ஒரே கேம்ல ஒரு தடவை வருது, ஒரு தடவை வரல.

டின்_கேபிள்:
இப்படி வந்து வந்து போனா கேபிள்தான். பேர் போடாத மலிவு யுஎஸ்பி மிடி கேபிள்கள் நீளமான சிஸெக்ஸ்ல நடுவுல சில பைட்டை முழுங்கிடும். இசை நோட்டு மட்டும் அனுப்பினா ஒழுங்காத்தான் வேலை செய்யும், அதனால கடையில டெஸ்ட் பண்ணா தெரியாது. சிஸெக்ஸ் முழுசா போகும்னு தயாரிப்பாளர் எழுதியே கொடுத்திருக்கிற மிடி இன்டர்ஃபேஸா வாங்குங்க. உங்க ஆடியோ இன்டர்ஃபேஸ் பின்னாடி அஞ்சு பின் உள்ள வட்டமான மிடி ஜாக்ல (டின்) "அவுட்" இருக்கா பாருங்க, இருந்தா காசே செலவில்ல.