குழந்தையின் வாயில் எக்ஸ்ரே ஃபிலிமைப் பிடிப்பது என் வேலையா?

டிக்கோயாப் பெண்:
ஹட்டனில் ஒரு தனியார் பற்சிகிச்சை நிலையத்தில் உதவியாளராக இருக்கிறேன். மார்ச் மாதம் டொக்டர் கொழும்பில் ஒருவரிடம் பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து சுவரில் பொருத்தினார். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டால் மறுநாள் எங்களிடம் கூட்டம். சின்னப் பிள்ளைகள் ஃபிலிமை நாக்கால் தள்ளிவிடுவார்கள். "நீ பிடி" என்பார் டொக்டர். நான் சுட்டுவிரலால் அழுத்திப் பிடிப்பேன். அவர் வயரை இழுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய்ப் பொத்தானை அழுத்துவார்.

ஈயக் கவசம் ஒன்று உண்டு. அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டுகிற படங்கைப் போல அதை நாலாக மடித்து ஆணியில் மாட்டியிருக்கிறது. மடிப்பைத் தடவினால் உள்ளே விரிசல் தட்டுப்படுகிறது. அறையின் ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் வெறும் பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் தையல்கடை அக்கா காலையிலிருந்து மாலை வரை இருக்கிறார். அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். பழைய சொந்தக்காரரின் அனுமதிப்பத்திரப் பிரதியைக் காட்டி, "இது போதும்" என்றார். போதுமா? வேலையும் எனக்கு வேண்டும்.

பண்டாரவளை ராஜன்:
தங்கச்சி, பல் எக்ஸ்ரேக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஒரு படத்தில் நோயாளிக்குக் கிடைப்பது சில மைக்ரோசீவர்ட்தான் (சீவர்ட் என்பது உடம்பில் படும் கதிரின் அளவு; ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி). இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு வருடத்தில் கிடைப்பதே உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரர்:
ராஜன் சொன்ன கணக்கு நோயாளிக்குச் சரி. நோயாளி ஒரு படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். இந்தப் பிள்ளையின் விரல் நாள்தோறும் நேரடிக் கதிருக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் எட்மண்ட் கெல்ஸ் என்றொரு பல் வைத்தியர் 1896-இலேயே எக்ஸ்ரே எடுத்தவர். இயந்திரத்தைச் சரிபார்க்கத் தன் கையையே கதிரில் நீட்டிப் பார்ப்பார். முதலில் விரல்கள், பிறகு கையே போயிற்று. அவருடைய இயந்திரம் வேறு, உங்களுடையது வேறுதான். ஆனால் ஊழியர் ஃபிலிமைப் பிடிக்கக் கூடாது என்ற விதி இப்படி இழந்த விரல்களால் வந்தது.

மகளே, நாளைக் காலையே விரலை எடுத்துவிடுங்கள். ஃபிலிம் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கி பெரிய விலையில்லை. அதிலும் பிள்ளை அடங்காவிட்டால் தாயோ தகப்பனோ கவசம் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். அவர்களுக்கு அது என்றோ ஒருநாள். நீங்கள் கதிர் வரும் குழாய்க்கு நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் 2 மீற்றராவது தள்ளி நில்லுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகிவிடும்.

காகித விஷயம்: 2014-ஆம் ஆண்டின் 40-ஆம் இலக்க அணுசக்திச் சட்டப்படி, இப்படியான இயந்திரத்தை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கொழும்புக்காரர் பெயரில் உள்ள பிரதி அவருக்கானது. ஹட்டன் அறைக்கு அது செல்லாது. பொறுப்பு இயந்திரத்தின் சொந்தக்காரருடையது, உங்களுடையதல்ல. பலகைச் சுவரும் அவர் தலையில்தான். தையல்கடை அக்கா பொதுமக்களில் ஒருவர். அவருக்கான வரம்பு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட். கதிர்வீச்சு ஊழியருக்கு ஐந்து வருடச் சராசரியாக 20. அந்த 20-ஐ அளக்க உங்கள் சட்டையில் டோசிமீட்டர் இருக்க வேண்டும், கவசத்துக்கு உள்ளே. அணுசக்திச் சபை என்ற வேறொரு நிறுவனம் அந்தச் சேவையைத் தருகிறது.

விரிசல் விழுந்த கவசம் வெறும் பாரம். புதிதை மடிக்க விடாதீர்கள்.

டிக்கோயாப் பெண்:
நன்றி ஐயா. இன்னொன்று: கூட்டித் துடைக்க வரும் அம்மா, இயந்திரம் நிறுத்தியிருந்தாலும் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற எக்ஸ்ரேக்காரர்:
அவரைத் தாராளமாகப் போகச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தும் அந்த நொடியைத் தவிர அதிலிருந்து எதுவும் வராது. சீசியம், கோபால்ட் போன்ற கதிரியக்கப் பொருட்கள்தான் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கதிரை வீசிக்கொண்டிருக்கும். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியைப் பழைய இரும்புக்காகப் பிரித்து நான்கு பேர் இறந்தது சீசியத்தால்.

டிக்கோயாப் பெண்:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். சட்டத்தைப் பேசவில்லை; "விரல் வலிக்கிறது, தாங்கி வாங்குவோமா டொக்டர்?" என்று மட்டும் கேட்டேன். கண்டியிலிருந்து இரண்டு வந்துவிட்டன. அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். பலகைச் சுவரைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை. தையல்கடை அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டேன், அவர் தன் தையல் மெஷினை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்திக்கொண்டார்.